மூன்றாவது போன்

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு லண்டனிலிருந்து வந்த அழைப்பு வழக்கம்போலத்தான் தொடங்கியது. அங்கே குளிர், இங்கே மழை, முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அபிஷனின் தாய் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நேற்றுப் பிள்ளையை மோட்டார்சைக்கிளில கொண்டுவந்து விட்டது ஆர்?"

வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரியின் கை நின்றுவிட்டது. அது கூட வேலை செய்யும் மெல்ரோய், போன வருடந்தான் கலியாணம் முடித்தவன், மழைக்கு பஸ் ஒன்றும் நிற்கவில்லையாம், அதனால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று கடகடவென ஒப்புவித்தாள். அப்படித்தான் இருக்கும் என்று தானும் நினைத்ததாக அந்தப் பக்கம் குழைந்தது. பிறகு முழங்காலுக்கே திரும்பிப் போனார்கள்.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு முட்டு லேனில், கடைசிக்கு முதல் வீட்டு வாசலில், நேற்று மாலை ஆறே முக்காலுக்கு நடந்த காரியம் லண்டன் ஹரோவில் இருக்கிற மனுசிக்கு எப்படித் தெரியும்?

தனுஷியா ஜெகதீஸ்வரிக்கு ஒரே மகள். வயது முப்பத்தொன்று. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. தகப்பன் செத்து ஐந்து வருடமாகிறது. அந்த ஐந்து வருடத்தில் ஜெகதீஸ்வரி நாற்பத்து மூன்று வீடுகளுக்கு மகளின் சாதகக் குறிப்பை அனுப்பியிருந்தாள். சாதகம் பொருந்தினால் படிப்புப் பொருந்தவில்லை. படிப்புப் பொருந்தினால் மாப்பிள்ளையின் தாய்க்கு நிறம் பொருந்தவில்லை. எல்லாம் பொருந்தி வந்த ஒருவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். நாற்பத்து நான்காவதாக வந்தவன்தான் அபிஷன். கம்ப்யூட்டர் வேலை, சொந்த வீடு, குடியில்லை. அவனோடு இரண்டு மாதம் கதைத்துப் பார்த்த தனுஷியா "பரவாயில்லை" என்றாள். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிய காரியம். தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருவதாக ஏற்பாடு. இது கலைந்தால் இன்னொன்று வராது என்று ஜெகதீஸ்வரி அடித்துச் சொல்லுவாள். யாரிடமும் அல்ல, சாமிப் படத்துக்கு முன்னால் நின்று தனக்குத்தானே.

ஆகவே யார் சொன்னது என்று கண்டுபிடித்தாக வேண்டும். நேற்று அந்த மோட்டார்சைக்கிளைப் பார்த்தது இரண்டே இரண்டு. ஒன்று வாசல் கமரா. மற்றது மேல்வீட்டு றஸ்மியா.

கமரா வந்து இரண்டு வருடம். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவரோரத்துத் தண்ணீர் மீற்றரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கிழமையே கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஷெல்டனைக் கூப்பிட்டு, கேற்றுக்கு மேலே வெள்ளை உருண்டைத் தலையோடு ஒரு கமராவைப் பூட்டுவித்தாள். அது தலையைத் திருப்பும், இருட்டிலும் பார்க்கும், பேச்சையும் கேட்கும். கேற், முற்றம், மேல்வீட்டுக்குப் போகும் பக்கப் படி எல்லாம் அவளுடைய போனில் தெரியும். அன்றிலிருந்து பின்னேர நாடகங்களை அவள் விட்டுவிட்டாள். மீன்காரன் எத்தனை மணிக்கு வந்தான், பின்வீட்டுக்காரி யாரோடு நின்று கதைத்தாள், எந்தப் பூனை பூச்சாடியைத் தட்டியது என்று சகலமும் அவளுக்கு அத்துபடி.

றஸ்மியா வாடகைக்கு வந்து ஆறு வருடம். புருஷன் ராசிக் கட்டாரில். மகள் சஹ்லா பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கீழ்வீட்டு வைஃபைதான் மேல்வீட்டுக்கும். வந்த புதிதில் ஜெகதீஸ்வரியே பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். வேற்றுமை பார்க்கிற ஆட்கள் அல்ல இரண்டு வீடும். ஜெகதீஸ்வரியின் கணவர் குளியலறையில் விழுந்த அன்று ஓடிப்போய் ஓட்டோ பிடித்தவளும், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு களுபோவிலை ஆஸ்பத்திரி மட்டும் வந்தவளும் றஸ்மியாதான்.

அதெல்லாம் சரி. ஆனால் நேற்று மோட்டார்சைக்கிள் வந்து நின்ற நேரம் பால்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றவள் யார்? போன மாதம் மேசையில் கிடந்த கலியாணக் குறிப்பைப் பார்த்துவிட்டு, "லண்டன் ஆக்களா அக்கா?" என்று கேட்டவள் யார்? அவளுடைய மைத்துனி ஒருத்தியும் லண்டனில்தானே இருக்கிறாள்? ஒன்றோடொன்றை முடிந்து பார்க்கப் பார்க்க ஜெகதீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. மனதில் சந்தேகம் புகுந்துவிட்டால் கொடியில் காயும் உடுப்புக்கூட ஏதோ சொல்வதாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை அந்த முடிச்சு இறுகிவிட்டது. தனுஷியா வேலைக்குப் போய்விட்டாள். ஜெகதீஸ்வரி முற்றத்தில் குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மெல்லிய சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கமரா தன்பாட்டில் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய போன் உள்ளே சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவள் வாளியோடு இடப்பக்கம் நகர்ந்தாள். கமராவும் இடப்பக்கம் நகர்ந்தது. பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே சஹ்லா மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தாள்.

ஜெகதீஸ்வரி வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் ஷெல்டனுக்கு எடுத்தாள்.

ஷெல்டன் மத்தியானமே வந்துவிட்டான். முப்பது வயது, வாயில் எந்நேரமும் இஞ்சி இனிப்பு, கையில் திருகாணிப் பை. மேல்வீட்டை வைஃபையிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்றாள் ஜெகதீஸ்வரி. ஏன் என்று அவன் கேட்கவில்லை. ரவுட்டரைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையில் கை வைத்தான். வைஃபையின் பெயர் கம்பெனி வைத்த அதே பெயர். பாஸ்வேர்ட் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த அதே பாஸ்வேர்ட். இதை மாற்றச் சொல்லிப் பூட்டின அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னதாக அவன் முணுமுணுத்தான். கமராவுக்குத் தனியாக ஒரு வைஃபை, மேல்வீட்டுக்கு வேறாக ஒரு வைஃபை போட்டுத் தரலாம், ஒன்றில் இருப்பவர் மற்றதைத் தொட முடியாது, யாரையும் வெட்டத் தேவையில்லை என்றும் சொல்லிப் பார்த்தான்.

ஜெகதீஸ்வரி அசையவில்லை. வெட்டிவிடு என்றால் வெட்டிவிட வேண்டியதுதான்.

"அதில்ல ஆன்ட்டி, கேமராவுக்குள்ள போறதுக்கு வைஃபை மட்டும் பத்தாது..." என்று அவன் இழுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடித்துவிட்டு வேலையைப் பார் என்றாள். அவனும் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு றஸ்மியா இறங்கி வந்தாள். நெட் வேலை செய்யவில்லை, ராசிக் எடுக்கிற நேரம், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட முடியுமா என்று கேட்டாள். ஜெகதீஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக வா என்று சொல்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டதாகச் சொன்னாள். இனி எங்கள் வைஃபை எங்களுக்கு மட்டும் என்றாள்.

"நான் என்ன செஞ்சேன் அக்கா?"

"என்ன செய்தனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். எங்கட வாசல்ல நடக்கிறதெல்லாம் லண்டனுக்குப் போகுது. கமரா தன்ரபாட்டில திரும்பாது, றஸ்மியா. உங்கட மகள் கம்ப்யூட்டர் படிக்கிறா. நான் சின்னப்பிள்ளை இல்லை."

றஸ்மியாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் செத்துப்போனது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜெகதீஸ்வரிக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அந்தக் கேமரா வந்த நாளிலேந்து தலையில முந்தானை போடாம நான் இந்தப் படியில எறங்கினதில்ல. குப்பை போட வந்தாலும் போட்டுக்கிட்டுத்தான் வருவேன். நீங்க பாக்கிறீங்கண்டு எனக்குத் தெரியும். பாக்காதீங்கண்டு ஒரு நாள் சொல்லிருக்கேனா அக்கா?"

சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். ஜெகதீஸ்வரி கதவைச் சாத்தினாள். நெஞ்சுக்குள் ஏதோ குத்தத்தான் செய்தது. இருந்தாலும் பிடித்த பிடியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வேலையால் வந்த தனுஷியாவிடம் மேல்வீட்டார் சொந்தமாக வைஃபை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் அமைதியாகப் போனது. பதின்மூன்றாவது நாள் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. முழங்கால், மழை, குளிர். பிறகு, "பிள்ளை ஏன் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை? காய்ச்சல் கீய்ச்சலோ?" என்றார் அபிஷனின் தாய்.

தனுஷியாவுக்கு அன்று உண்மையாகவே தலையிடி. காலையில் செருப்பை மாட்டிக் கேற் மட்டும் போனவள் திரும்பி வந்து படுத்துவிட்டாள். மேல்வீட்டில் வைஃபை இல்லை. றஸ்மியாவும் சஹ்லாவும் முதல் நாளே பேலியகொடையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒரு குருவியும் இல்லை.

ஷெல்டன் மறுபடி வந்தான். இந்தமுறை அவன் ரவுட்டர் பக்கம் போகவில்லை. அவளுடைய போனை வாங்கி, கமரா செயலியைத் திறந்து, அவள் இதுவரை கண்ணால் கண்டிராத ஒரு மூலைக்குப் போனான். கமராவுக்கு இரண்டு பூட்டு என்று பொறுமையாக விளங்கப்படுத்தினான். வைஃபை ஒரு பூட்டு. செயலிக்குள் போகிற ஈமெயிலும் பாஸ்வேர்டும் இரண்டாவது பூட்டு. அந்த இரண்டாவது சாவி யாரிடம் இருந்தாலும் அவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் வாசலைப் பார்க்கலாம், தலையைத் திருப்பலாம், பேசுவதைக் கேட்கலாம். மேல்வீட்டு வைஃபையை வெட்டியதால் அதற்கு ஒரு கீறலும் விழாது.

"இங்க பாருங்க ஆன்ட்டி, மூணு போன் உள்ள இருக்கு. இது உங்களோடது. இது தனுஷியாவோடது. இந்த மூணாவது லண்டன்ல இருக்கு. இன்னைக்குக் காலைலகூடப் பாத்திருக்காங்க, அங்க அப்ப நடுராத்திரி. ரெண்டரை மாசமாப் பாக்கிறாங்க. பாஸ்வேர்ட் என்ன வெச்சிருந்தீங்க?"

அது ஒருவருக்கும் தெரியாதது என்றாள் ஜெகதீஸ்வரி. தனுவின் பேரும், பிறந்த திகதியும், பிறந்த நேரமும். பிறந்த திகதியென்றாலும் நாலு பேருக்குத் தெரியும், அதிகாலை ஐந்து நாற்பத்திரண்டு என்பது பெற்றவளைத் தவிர யாருக்குத் தெரியும் என்று பெருமையாகவே சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டு போகும்போதே சாதகக் குறிப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சாதகக் குறிப்பின் முதல் வரி பெயர். இரண்டாவது வரி திகதி. மூன்றாவது வரி நேரம், நிமிடக் கணக்காக. நிமிடம் பிசகினால் இலக்கினம் மாறிவிடும் என்று அவளே சாத்திரியாரிடம் இரண்டு தரம் சரிபார்த்துத் தட்டச்சு செய்வித்தது. தாளின் அடியில் தொடர்புக்கு என்று ஒரு ஈமெயில். கமராவுக்கும் அதே ஈமெயில்தான். அவளிடம் வேறு ஈமெயில் கிடையாது. வீட்டு வாசல் சாவியை அழகாக அச்சடித்து, மூலைக்கு மூலை மஞ்சள் பூசி, அவள் நாற்பத்து நான்கு குடும்பங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதன்முதல் வீடியோவில் பேசிய அன்று, வீட்டுக்குப் பாதுகாப்பு எப்படி என்று அபிஷனின் தாய் கேட்டார். கமரா இருக்கிறது என்று இவள் பீற்றிக்கொண்டாள். தனக்கு நம்பர் ஒன்றும் ஞாபகம் நிற்காது, எல்லாவற்றுக்கும் பிள்ளையின் பிறந்த நேரந்தான் என்று சிரித்ததும் இவள்தான். அந்தப் பக்கத்தில் அபிஷனும் தாய்க்குப் பக்கத்தில் இருந்தான். அவனும் சிரித்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகச் சிரிக்கிறான் என்று அன்று முழுக்க அவளுக்கு ஒரே சந்தோசம்.

ஷெல்டன் மூன்றாவது போனின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நீக்கிவிடவா என்று கேட்டான்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு யோசனை வந்தது. நீக்கினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பிடிபட்டவர்கள் பிடித்தவர்கள் வீட்டில் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். தை பிறக்க இன்னும் ஐந்து கிழமை. அப்படி எதைத்தான் பார்த்துவிட்டார்கள்? வேலைக்குப் போகிற பிள்ளை, வேலையால் வருகிற பிள்ளை. எங்கள் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது? பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு மணித்தியாலம் இருந்து பார்ப்பதை இவர்கள் கொஞ்சம் கூட நேரம் எடுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதானே. மருமகளாக வரப்போகிறவளைப் பார்ப்பதில் என்ன பிழை? இப்படியே மனதுக்குள் பூசி மெழுகி, அரை நிமிடத்தில் ஒரு நியாயத்தைக் கட்டி எழுப்பிவிட்டாள்.

"இருக்கட்டும் தம்பி."

"ஆன்ட்டி?"

"இருக்கட்டும் எண்டனான். நான் பிறகு பாத்துச் செய்யிறன். தனுவுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம்."

ஷெல்டன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். திருகாணிப் பையை மூடிக்கொண்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வாசலில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. குப்பைப் பையை வெளியே வைப்பதற்கு ஜெகதீஸ்வரி நூல் சேலை உடுத்தாள். மீன்காரனோடு இருபது வருடமாகப் போட்ட சண்டையை நிறுத்தி, அவன் சொன்ன விலைக்கு வாங்கி, பிள்ளைகள் சுகமா என்றும் கேட்டாள். மீன்காரன் பயந்துபோய் ஒரு துண்டு கூடப் போட்டான். கமராவுக்கு நேரே நின்றுகொண்டு, தனு நேற்றுத் தனியாகவே முழுச் சமையலும் செய்தாள் என்று பின்வீட்டுக்காரிக்கு உரத்துச் சொன்னாள். பின்வீட்டுக்காரி கேட்கவே இல்லை.

தனுஷியாவின் மேல்தான் பாரம் முழுக்க இறங்கியது. மெல்ரோயின் மோட்டார்சைக்கிளில் இனி ஏறக்கூடாது. ஆறு மணிக்கு முன்னர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பொட்டு இல்லாமல் கேற்றைத் தாண்டக்கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அந்த நீலச் சேலை. முற்றத்தில் நின்று போன் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஏன் அம்மா என்று அவள் கேட்டால், வயது போன நேரத்தில் என்னை யோசிக்க வைக்காதே என்று கண்ணைக் கசக்கினாள். தாய்க்கு உள்ளுக்குள் ஏதோ நோய், வருத்தம் என்று எண்ணிக்கொண்டு அந்தப் பிள்ளையும் சொன்னபடி கேட்டது. பொட்டு வைத்தது. ஆறு மணிக்கு முன் ஓடி ஓடி வந்தது.

மேல்வீட்டுக்கு வைஃபையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பதென்றால் ஏன் வெட்டினேன் என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். சஹ்லா தினமும் கம்ப்யூட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ படிக்கப் போவதையும், ஐந்து மணிக்கு றஸ்மியா போனோடு லேன் முனைவரை நடந்து போய், அங்கே சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று ராசிக்கோடு பேசிவிட்டு வருவதையும் ஜெகதீஸ்வரி போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றமில்லாத பெண்ணைக் குற்றம் சாட்டியது அவளுக்கு நன்றாகத் தெரியும். சோறு இறங்காத நாளும் உண்டு. தை மட்டும் பொறுப்போம், பிறகு காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்போம் என்று தவணை போட்டுக்கொண்டாள்.

தை வரவில்லை. அதற்கு முன்னர் ஒரு சனிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஓட்டமும் நடையுமாக வந்த தனுஷியா கேற்றடியில் கால் பிசகிச் சுளுக்கிக்கொண்டாள். ஜெகதீஸ்வரி அந்த நேரம் கோயிலில். நொண்டி நொண்டி உள்ளே போய், எண்ணெய் பூசிக்கொண்டு, தாய்க்குச் சொன்னால் ஒரு பாட்டம் அழுவாள் என்று சொல்லாமலே படுத்துவிட்டாள். காலையில் போனை எடுத்தால் அபிஷனின் செய்தி வந்திருந்தது. கால் எப்படி இருக்கிறது, இன்னும் நோகிறதா என்று அன்பாக விசாரித்திருந்தான்.

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். எழுந்து முற்றத்துக்குப் போய்க் கமராவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படியில் இருந்து ஷெல்டனுக்கு எடுத்தாள். ஷெல்டன் பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆள். ஆன்ட்டிக்கு அன்றைக்கே காட்டினேனே, அவதான் இருக்கட்டும் என்று சொன்னா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

உள்ளே வந்தவள் சாப்பாட்டு மேசையில் தாய்க்கு எதிரே அமர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்ததுமே ஜெகதீஸ்வரிக்கு விசயம் விளங்கிவிட்டது.

"எத்தனை நாளாத் தெரியும் அம்மா?"

ஜெகதீஸ்வரி விரலை மடக்கவில்லை. நாள் அவளுக்கு மனப்பாடம். "இருபத்திமூண்டு," என்றாள்.

அதற்குப் பிறகு நிறையச் சொன்னாள். தகப்பனில்லாத பிள்ளை என்றாள். நாற்பத்து மூன்று இடம் என்றாள். தன் கண் மூடுவதற்குள் ஒரு கையில் பிடித்துக் கொடுக்க வேண்டாமா என்றாள். அவன் ஒன்றும் கெட்டவனில்லை, அக்கறையில் பார்த்திருக்கிறான், கலியாணத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றாள். உன்னுடைய நன்மைக்குத்தானே என்று முடித்தாள்.

"அவன் களவாப் பாத்தவன். அவன் ஆரோ ஒருத்தன், போகட்டும். நீங்கள் தெரிஞ்சுகொண்டு என்னைக் காட்டினனீங்கள். பொட்டு வைச்சு, சேலை உடுத்தி, நேரத்துக்கு வரச்சொல்லி, ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து அவனுக்கு முன்னால நிப்பாட்டினனீங்கள். நான் உங்களுக்கு ஏதோ வருத்தமாக்கும் எண்டு நினைச்சுப் பயந்துகொண்டு திரிஞ்சனான் அம்மா."

ஜெகதீஸ்வரிக்கு அழுகை வந்தது. தனுஷியா எழுந்து வந்து கண்ணைத் துடைத்துவிடவில்லை.

அந்தப் பகல் முழுவதும் அவள் வேலை செய்தாள். ஷெல்டன் போனில் சொல்லச் சொல்ல மூன்றாவது போனை நீக்கினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். இனி யார் செயலிக்குள் போவதென்றாலும் தன் போனுக்கு ஓர் இலக்கம் வந்தால்தான் கதவு திறக்கும்படி செய்தாள். கமராவுக்கு ஒரு வைஃபை, மேல்வீட்டுக்கு ஒரு வைஃபை என்று பிரித்தாள். கதிரையில் ஏறி நின்று, நோகிற காலோடு, கமராவின் முகத்தைப் படியிலிருந்து திருப்பிக் கேற்றை மட்டும் பார்க்கவிட்டாள். அபிஷனுக்கு ஏதோ எழுதி அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. கடைசியில் ஒரு தாளில் மேல்வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிக்கொண்டு நொண்டியபடி படியேறினாள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

பின்னேரம் ஜெகதீஸ்வரி வாசலைப் பார்க்கலாம் என்று போனை எடுத்தாள். செயலி புதுப் பாஸ்வேர்டைக் கேட்டது. அவள் மகளைப் பார்த்தாள். மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்கத் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே மேலே போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு படியேறி, கதவைத் தட்டி, மன்னிச்சுக்கொள் றஸ்மியா என்று சொல்லிவிட்டாள். றஸ்மியா பரவாயில்லை அக்கா என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கிராண்ட்பாஸில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், அடுத்த மாதம் போய்விடுவார்கள் என்றும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மாலை லண்டன் அழைத்தது. அபிஷனின் தாய் இந்தமுறை முழங்காலைத் தொடவில்லை. நேரே விசயத்துக்கு வந்தார். சனிக்கிழமையிலிருந்து கமரா ஒன்றும் காட்டவில்லை என்று அபிஷன் சொல்கிறான், பழுதாகிவிட்டதா என்று கேட்டார். குரலில் ஒரு துளி கூச்சம் இல்லை. பிள்ளையும் அவனோடு கதைப்பதில்லையாம். நாங்கள் ஒன்றும் பிழையாகப் பார்க்கவில்லையே, பார்த்த மட்டில் எங்களுக்கு முழுத் திருப்திதான், தை மாதத்துக்கு ரிக்கெற் போடலாம் என்று இருக்கிறோம் என்றார்.

"மருமகளா வரப்போறதைப் பாக்கிறதில என்ன பிழை அக்கா?"

இருபத்தாறு நாளாக ஜெகதீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த அதே வசனம். வெளியே இன்னொருத்தியின் வாயிலிருந்து கேட்டபோது உடம்பு கூசியது. திருப்தி என்ற வார்த்தைக்காகத்தான் அவள் ஐந்து வருடம் காத்திருந்தாள். இப்போது ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மிச்சத்தைப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று பழைய மனம் இன்னும் உள்ளேயிருந்து அரித்தது. மகளுக்கு எடுத்துச் சொல்லலாம், அழலாம், இரண்டு நாள் பட்டினி கிடக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாத வித்தையல்ல.

"தங்கச்சி, நீங்கள் களவாப் பாத்தனீங்கள். நான் தெரிஞ்சுகொண்டு காட்டினனான். ரிக்கெற் போடவேண்டாம். இனி ஒண்டும் காட்டாது."

அந்தப் பக்கமிருந்து நம்ப முடியாத குரலில் ஒரு கேள்வி வந்தது.

"உங்களுக்குமோ அக்கா?"

"ஓம். எனக்குந்தான்."

அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மணி ஆறே கால் ஆகியிருந்தது. வெளியே மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நிற்கும் சத்தமும், கேற் திறக்கும் சத்தமும், தனுஷியா யாரோடோ சிரித்துப் பேசும் சத்தமும் கேட்டன. எழுந்து போய்ப் பார்க்க ஜெகதீஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது.